வெறுப்பைக் கொட்டும் ஆர்ப்பாட்டத்துக்கும் கருத்துச் சுதந்திரம் உண்டா? சட்டம் எங்கே கோடு போடுகிறது?

திண்டுக்கல்லில் பழநி பஸ் ஏறினால், ஒட்டன்சத்திரத்துக்கு முன்பே ரெட்டியார்சத்திரம் வந்துவிடும். ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். இந்திய - இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இருப்பதால் விவசாயிகளுக்கு நன்கு தெரிந்த ஊர். ஊரின் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு ரெட்டியாரும் இருக்கிறார்.

திண்டுக்கல் சமவெளியில் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலுக்கு வெளியே தமிழும் பேசும் குடும்பங்கள் ஏராளம். ரெட்டியார், நாயுடு, ராஜகம்பள நாயக்கர் மட்டுமல்ல, அருந்ததியர்களிலும் பலருக்கு வீட்டு மொழி தெலுங்குதான். விஜயநகர, நாயக்கர் காலம் தொட்டு இங்கேயே வாழ்பவர்கள். "நீங்க எந்த ஊர்?" என்று கேட்டால் தங்கள் ஊர்ப் பெயரைத்தான் சொல்வார்கள், ஆந்திரா என்று சொல்ல மாட்டார்கள்.

2024 நவம்பர் முதல் வாரத்தில் இப்படிப்பட்ட குடும்பங்களைக் குறிவைத்த ஒரு பேச்சு தமிழ்நாடு முழுக்க செல்போன்களில் சுற்றியது. பேசியவர் நடிகை கஸ்தூரி. பேசிய இடம், சென்னை எழும்பூரில் நடந்த ஓர் ஆர்ப்பாட்டம். அதற்குப் பிறகு நடந்த கைது, ஜாமீன், விவாதம் எல்லாம் பழைய கேள்வி ஒன்றை மறுபடியும் கிளப்பின. ஒரு சமூகத்தையே இழிவுபடுத்தும் பேச்சு, போராட்ட மேடையில் பேசப்பட்டால் அதற்கும் கருத்துச் சுதந்திரம் என்ற பாதுகாப்பு கிடைக்குமா?

எழும்பூரில் என்ன நடந்தது?

2024 நவம்பர் 3 அன்று இந்து மக்கள் கட்சி சார்பில் ராஜரத்தினம் மைதானம் அருகே ஆர்ப்பாட்டம் நடந்தது. பிராமணர்களை இழிவாகப் பேசுவதைத் தடுக்க, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் மாதிரி ஒரு பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்பது கோரிக்கை. அதாவது, வெறுப்புப் பேச்சுக்கு எதிரான ஆர்ப்பாட்டம்.

அதே மேடையில்தான், மன்னர்களின் அந்தப்புரத்துப் பெண்களுக்குச் சேவை செய்ய 300 வருடங்களுக்கு முன்பு வந்தவர்கள் இன்று தங்களைத் தமிழர்கள் என்கிறார்கள் என்ற பொருளில் தெலுங்கு பேசுபவர்களைப் பற்றி கஸ்தூரி பேசினார். எதிர்ப்பு கிளம்பியதும் அந்தப் பேச்சைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அதற்குள் சென்னை, மதுரை என்று பல இடங்களில் புகார்கள் போய்விட்டன.

முன்ஜாமீன் கேட்டு அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் நவம்பர் 14 அன்று மனுவைத் தள்ளுபடி செய்தார். படித்தவர், சமூகப் பிரச்சினைகளில் கருத்து சொல்பவர் என்று அறியப்பட்ட ஒருவர் இப்படிப் பேசலாமா என்பதை நீதிமன்றம் முக்கியமாக எடுத்துக்கொண்டது. அவர் கேட்ட மன்னிப்பில், தெலுங்குப் பெண்களைப் பற்றிய பேச்சுக்கான வருத்தம் தெரியவில்லை என்றும் சொன்னது. நவம்பர் 16 அன்று தனிப்படை போலீஸார் ஹைதராபாத்துக்கே போய் அவரைக் கைது செய்தார்கள். நவம்பர் 20 அன்று எழும்பூர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது.

இந்த வழக்கில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். 'சரியான நடவடிக்கை' என்று ஒரு தரப்பு. 'மேடை போட்டு பிராமணர்களைத் திட்டியவர்களை எல்லாம் எந்தத் தனிப்படை தேடிப் போனது?' என்று இன்னொரு தரப்பு. இரண்டாவது கேள்வி அரசியலுக்காகக் கேட்கப்பட்டதாகவே இருக்கட்டும். அதற்கும் ஒரு பதில் வேண்டும்தானே!

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பேச்சுரிமையைத் தருகிறது. 19(1)(ஆ), ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. ஆர்ப்பாட்டம் என்பது இந்த இரண்டும் சேர்ந்தது. 19(2), 19(3) ஆகியவை இவற்றுக்கு 'நியாயமான கட்டுப்பாடுகள்' விதிக்கலாம் என்கின்றன.

அந்தக் கட்டுப்பாடுகளின் பட்டியலில் இன்று அடிக்கடி கேட்கும் 'பொது ஒழுங்கு' என்ற சொல் முதலில் 19(2)-ல் இல்லவே இல்லை. அது வந்த கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று மாகாண அரசு தடை போட்டது. பொது ஒழுங்கு என்று சொல்லிப் பேச்சைத் தடுக்க சாசனத்தில் இடமில்லை என்று 1950-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. மறு வருடமே, 1951-ல், முதல் சட்டத் திருத்தம் மூலம் அந்தச் சொல் உள்ளே நுழைந்தது. குடியரசாகி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

வெறுப்புப் பேச்சு வழக்குகளில் அதிகம் பயன்படுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவு. பழைய 153-ஏ. மதம், இனம், பிறந்த இடம், மொழி, சாதி போன்ற அடிப்படையில் பிரிவினரிடையே பகை வளர்த்தால் 3 ஆண்டு வரை சிறை. மொழியும் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது வெறுப்பைத் தூண்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(யு) தனியாக இருக்கிறது.

ஆனால் 'வெறுப்புப் பேச்சு' என்றால் என்ன என்பதற்கு இந்தியச் சட்டத்தில் நேரடி விளக்கம் கிடையாது. இதற்கெனத் தனிப் பிரிவுகள் சேர்க்கலாம் என்று சட்ட ஆணையம் 2017-ல் தனது 267-வது அறிக்கையில் சொன்னது. 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய குற்றவியல் சட்டங்களில் அந்தப் பரிந்துரை இடம்பெறவில்லை.

அமெரிக்காவில் மட்டும் எப்படி விடுகிறார்கள்?

1977-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஸ்கோக்கி என்ற ஊரில் ஊர்வலம் போக நாஜி ஆதரவு அமைப்பு ஒன்று கிளம்பியது. ஹிட்லரின் முகாம்களில் இருந்து தப்பி வந்த யூதர்கள் நிறையப் பேர் வாழ்ந்த ஊர் அது. ஊர் நிர்வாகம் தடுத்தது. நாஜிகளுக்காக வாதாடியது அமெரிக்க சிவில் உரிமைகள் சங்கம். அதன் வழக்கறிஞரே ஒரு யூதர். வழக்கில் ஊர்வலக்காரர்கள் பக்கம்தான் தீர்ப்பு வந்தது. கடைசியில் அவர்கள் ஸ்கோக்கிக்குப் போகாமல் சிகாகோவில் கூட்டம் போட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

2011-ல் இன்னும் மோசமான ஒரு வழக்கு. இராக்கில் இறந்த ராணுவ வீரர் ஒருவரின் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயத்துக்குச் சற்று தள்ளி, 'வீரர்கள் சாவதற்காகக் கடவுளுக்கு நன்றி' என்கிற ரீதியில் தட்டி பிடித்து நின்றது ஒரு சின்ன மதக்குழு. அப்பா வழக்குப் போட்டார். 'ஸ்னைடர் எதிர் ஃபெல்ப்ஸ்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் அந்தக் குழுவின் பேச்சுரிமை பக்கம் நின்றது. பொது இடம், பொதுப் பிரச்சினை, வன்முறை இல்லை, போலீஸ் சொன்ன தூரத்தில் நின்றார்கள் என்பதுதான் காரணம்.

அங்கே கோடு எங்கே என்றால், 1969-ம் ஆண்டின் 'பிராண்டன்பர்க்' தீர்ப்பு சொல்கிற இடத்தில். உடனடியாக வன்முறையைத் தூண்டும் நோக்கம் இருக்க வேண்டும், அது நடக்கக்கூடிய வாய்ப்பும் இருக்க வேண்டும். அதுவரை எவ்வளவு அருவருப்பான பேச்சானாலும் சட்டம் தலையிடாது. ஜெர்மனி நேர் எதிர். அங்கே நாஜி சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவதே பெரும்பாலும் குற்றம்.

இதை நம்ம ஊரில் வைத்துப் பார்த்தால்?

அமெரிக்க அளவுகோலை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பவர்களிடம் ஒரு வலுவான காரணம் இருக்கிறது. இங்கே கோஷத்துக்கும் தீக்கும் இடையே இருக்கும் தூரம் சில நேரங்களில் ஒரு தெருதான். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பகுதியில், சாதி மறுப்புத் திருமணம் ஒன்றைத் தொடர்ந்து மூன்று தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டு, வீடுகள் எரிக்கப்பட்டன. முதலில் நடந்தது சாலை மறியல்.

அதற்கு முன்பு மாதக்கணக்கில் சாதி மறுப்புத் திருமணங்களுக்கு எதிரான பேச்சுகள் மேடைகளில் ஓடிக்கொண்டிருந்தன. எந்த ஒரு பேச்சையும் தனியாக எடுத்து 'இதுதான் அந்தத் தீயை வைத்தது' என்று நிரூபிக்க முடியாது. 'உடனடி வன்முறை' என்ற அளவுகோல் தடுமாறுவது அங்கேதான். பல நாள் பேச்சில் சேரும் வெறுப்பை அதனால் அளக்க முடியாது.

எழும்பூர்ப் பேச்சையும் இதே தராசில் வையுங்கள். அதைக் கேட்டு யாரும் கல் எடுக்கவில்லை. அமெரிக்க அளவுகோல்படி அது பாதுகாக்கப்பட்ட பேச்சு. ஆனால் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழும் ஒரு பெண்ணிடம், உன் பாட்டியின் பாட்டி எதற்காக இங்கே வந்தாள் தெரியுமா என்று மைக் வைத்துக் கேட்பது 'வெறும் கருத்து' இல்லை. அவளால் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? ஒரு கொள்கையைத் திட்டினால் அந்தக் கொள்கைக்காரர் வாதாடலாம், கொள்கையை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். பிறப்பை அப்படி மாற்ற முடியாது. இந்தியச் சட்டம் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பது சரியென்றே சொல்ல வேண்டும்.

கூட்டத்துக்குப் பயந்து யாரை அடக்குவது?

விஷயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வெறுப்பான ஆர்ப்பாட்டம் மற்றவரின் பேச்சுரிமையையே பறித்துவிடலாம்.

திருச்செங்கோட்டில் நடந்தது அதுதான். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வெளிவந்தது 2010-ல். நான்கு வருடம் கழித்து, 2014 டிசம்பரில் அதன் பிரதிகள் எரிக்கப்பட்டன. 2015 ஜனவரியில் ஊரில் கடையடைப்பு. ஜனவரி 12 அன்று அதிகாரிகள் முன்னிலையில் 'அமைதிப் பேச்சுவார்த்தை'. மன்னிப்புக் கேட்டு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தது எழுத்தாளர்! 'எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான்' என்று அவர் ஃபேஸ்புக்கில் அறிவித்தது அதற்குப் பிறகுதான்.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. பிடிக்காதவர்கள் புத்தகத்தை மூடி வைக்கலாம் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இதற்கு அடித்தளம் போட்டது இன்னொரு தமிழ் வழக்கு. இட ஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தைத் திரையிட்டால் போராட்டம் வெடிக்கும் என்று அரசு சொன்னது. 1989-ல் எஸ்.ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆர்ப்பாட்டம் நடக்கும், ஊர்வலம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்க முடியாது, பாதுகாப்பு கொடுக்க வேண்டியது அரசின் வேலை என்றது. படத்தின் கருத்து சரியா தப்பா என்பதற்குள்ளேயே நீதிமன்றம் போகவில்லை.

புத்தகம் பிடிக்காமல் ஆர்ப்பாட்டம் செய்ய திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு முழு உரிமை உண்டு. எழுத்தாளரை எழுத விடாமல் செய்யும் உரிமை அதற்குள் வராது. அன்று அரசு இயந்திரம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

சரி, முன்கூட்டியே தடை போட்டுவிட்டால்?

'வம்பே வேண்டாம், பெர்மிஷனே கொடுக்காதீங்க' என்பது பலரும் சொல்லும் யோசனை. நீதிமன்றங்களும் இதில் ஒரே மாதிரி நடந்துகொண்டதில்லை.

2023-ல் சனாதன ஒழிப்பு மாநாடு நடந்த சர்ச்சைக்குப் பிறகு, திராவிடக் கருத்தியலை ஒழிக்கக் கூட்டம் நடத்த அனுமதி கேட்டு ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மக்களிடையே பகையை உண்டாக்கும் கூட்டத்துக்கு அனுமதி கொடுக்கும்படி போலீஸுக்கு உத்தரவிட முடியாது என்று நீதிபதி ஜி.ஜெயச்சந்திரன் மறுத்துவிட்டார். முதல் மாநாட்டில் பேசியவர்கள் மீது போலீஸ் நடவடிக்கை எடுக்காததையும் கண்டித்தார்.

2025 பிப்ரவரியில் திருப்பரங்குன்றம் மலை விவகாரத்தில் மதுரை மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போட்டபோது, மதுரைக் கிளை வேறு வழியைத் தேர்ந்தது. பிப்ரவரி 4 அன்று பழங்காநத்தத்தில் மாலை 5 மணி முதல் 6 மணி வரை மட்டும் ஆர்ப்பாட்டம் நடத்த நிபந்தனைகளோடு அனுமதித்தது. அதில் பேசியது தொடர்பாகப் பிறகு வழக்கும் பதிவானது.

இரண்டாவது வழிதான் மேல். இடம், நேரம், மைக் எண்ணிக்கை, வீடியோ பதிவு என்று கட்டுப்படுத்துவது வேறு, இன்னும் பேசாத பேச்சுக்காக வாயைக் கட்டுவது வேறு. பேசிய பிறகு, பேசிய சொல்லை வைத்துக் கேஸ் போடலாம். பேசுவதற்கு முன்பு போலீஸின் ஊகத்தைத் தவிர கையில் என்ன இருக்கிறது?

தடை அதிகாரம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் மீது மட்டும் பாயும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ரெட்டியார்சத்திரம் மாதிரி ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே குடிநீர் வரவில்லை என்று பெண்கள் காலிக்குடங்களோடு ஒன்றிய அலுவலகம் முன்பு உட்கார்ந்தால், அவர்களும் அதே காவல் நிலையத்தில்தான் அனுமதி கேட்க வேண்டும். வெறுப்புக் கூட்டத்தைத் தடுக்கப் பயன்படும் பிஎன்எஸ்எஸ் 163-வது பிரிவு, அதாவது பழைய 144, அவர்களையும் அப்படியே கலைத்துவிடும். 'சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படலாம்' என்ற அதே ஒற்றை வரி போதும்.

பொதுத் தெருவில் கூட்டம் போடுவதை ஒழுங்குபடுத்தலாம், இஷ்டத்துக்கு மறுக்க முடியாது என்று 1972-லேயே ஹிமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 144 தடையைக் கருத்தை அடக்கும் கருவியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2020-ல் அனுராதா பாசின் வழக்கிலும் சொன்னது. தீர்ப்பு இருக்கிறது. அதை ஒரு ஊர்க் காவல் நிலையத்தில் காட்டி அனுமதி வாங்கியவர் எத்தனை பேர் என்பது வேறு கதை.

எதைத்தான் குற்றம் என்பது?

உச்ச நீதிமன்றம் கடந்த சில வருடங்களில் கொடுத்த தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் ஓரளவுக்குப் பதில் கிடைக்கிறது. 2020-ல் அமிஷ் தேவ்கன் வழக்கில், என்ன பேசப்பட்டது என்பதோடு யார் பேசியது, எந்தச் சூழலில், என்ன நோக்கத்தில், யாரைக் குறிவைத்து என்பதையும் பார்க்க வேண்டும் என்றது. செல்வாக்குள்ளவருக்குப் பொறுப்பு கூடுதல். டீக்கடையில் ஒருவர் உளறுவதும், கேமராக்கள் சுற்றி நிற்க ஒரு பிரபலம் மேடையில் பேசுவதும் ஒன்றல்ல.

2023 ஏப்ரல் 28 அன்று, வெறுப்புப் பேச்சு என்றால் புகார் வரக் காத்திருக்காமல், பேசியவரின் மதம் பார்க்காமல் எல்லா மாநிலங்களும் தாமாகவே வழக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. இதைக் கேட்டுவிட்டு எதற்கெடுத்தாலும் எஃப்ஐஆர் போட ஆரம்பித்தால்? அதற்கும் பதில் வந்தது. காங்கிரஸ் எம்.பி. இம்ரான் பிரதாப்கடி ஒரு கவிதை வீடியோவைப் பகிர்ந்ததற்காக குஜராத் போலீஸ் போட்ட வழக்கை 2025 மார்ச் 28 அன்று நீதிபதிகள் அபய் எஸ்.ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு ரத்து செய்தது. எதற்கெடுத்தாலும் புண்படும் மனதை வைத்துப் பேச்சை அளக்கக் கூடாது, உறுதியான மனம் கொண்ட நியாயமான மனிதரை வைத்து அளக்க வேண்டும் என்றது.

இந்த அளவுகோலில் எழும்பூர்ப் பேச்சுக்கு வழக்கு போட்டது தப்பு என்று சொல்ல முடியாது. மொழியை வைத்து ஒரு சமூகத்துப் பெண்களின் மானத்தைத் தொட்ட பேச்சு அது. ஆனால் 3 ஆண்டுதான் அதிகபட்சத் தண்டனை என்ற குற்றத்துக்கு, பேச்சு முழுவதும் வீடியோவாகக் கையில் இருக்கும்போது, தனிப்படையும் வெளிமாநிலக் கைதும் எதற்கு? சம்மன் அனுப்பி, விசாரித்து, குற்றப்பத்திரிகை போட்டால் கேஸ் நிற்காதா? கைதே தண்டனையாக மாறும்போது, பேசியவரின் பேச்சை விட்டுவிட்டு அவர் பட்ட கஷ்டத்தைப் பற்றித்தான் ஊர் பேசும். அன்றைக்கும் டிவி விவாதங்களில் அந்தப்புரத்து வரி பின்னால் போய், கைது முன்னால் வந்துவிட்டது.

புகார் கொடுத்தால் என்ன ஆகும்?

ரெட்டியார்சத்திரத்தில் ஒருவர் இப்படியொரு வீடியோவைப் பார்த்துக் கொதித்துப் போய் காவல் நிலையம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்க, டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த பிஎன்எஸ்எஸ் 173(3) இடம் கொடுக்கிறது. பேச்சு சம்பந்தப்பட்ட வழக்குகளில் இதைச் செய்வதே பொருத்தம் என்கிறது பிரதாப்கடி தீர்ப்பு. புகாரை வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்பிக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.

எஃப்ஐஆர் போட்டாகிவிட்டது, விசாரணையும் முடிந்துவிட்டது என்றே வையுங்கள். 196-வது பிரிவில் நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்க இன்னொரு தாளும் வேண்டும். பிஎன்எஸ்எஸ் 217-வது பிரிவின்படி மத்திய அரசோ மாநில அரசோ முன்அனுமதி கொடுக்க வேண்டும். பேசியவர் எதிர்க்கட்சி மேடையில் பேசியிருந்தாலும், ஆளுங்கட்சி மேடையில் பேசியிருந்தாலும், மாநில அரசின் அந்தக் கையெழுத்து விழ வேண்டிய இடம் சென்னை தலைமைச் செயலகம்.